பெரியவர் கையெழுத்து

இந்த நூலகத்தில் காப்பி சுமாராகத்தான் இருக்கும், போலீஸ் அதிகாரியம்மா. போடுவது நான்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் பார்க்கக்கூடாத புத்தகங்களைத் தனி அறையில் பூட்டச் சொல்லி எங்கள் ஊர்க் குழு முடிவெடுத்தது. எதைப் பூட்டுவது என்பது நூலகரான என் பொறுப்பு. நான் பயந்தாங்கொள்ளி. பசு கன்று ஈனும் படம் இருக்கிறதென்று கால்நடைப் புத்தகத்தையே பூட்டினேன். பண்ணைப் பையன் ஒருவன் கேட்டான்: "மிஸ்டர் புரூயிட், நேத்து எங்க தொழுவத்துல நானே கன்னுக்குட்டிய இழுத்துப் போட்டேன். படத்தப் பாக்கக் கூடாதா?"

"இழுக்கலாம். பாக்கக் கூடாது."

இந்த ஐடஹோ மாநிலத்தில் என் வேலை இப்படித்தான் நடந்தது.

பதினைந்து வயது டெலியா கேட்ட புத்தகமும் அந்த அறையில்தான் இருந்தது. வீட்டில் அடிவாங்குபவர்கள் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று விளக்கும் புத்தகம். காயங்களின் படங்கள் இருந்ததால் பூட்டியிருந்தேன். எடுக்க ஒரு பெரியவரின் கையெழுத்து வேண்டும். தன் அம்மாவின் தங்கை, சித்தி, கையெழுத்திட்ட சீட்டை டெலியா நீட்டினாள்.

"பள்ளிக்கூடப் பாடத்துக்கா?"

"ஆமா." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல என்னம்மா இருக்கு? உக்காரு, எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போய் அவள் அப்பா ராண்டலுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினேன். புத்தகத்தின் பெயரைக்கூட நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

ஆறே நிமிடத்தில் வந்தார். தொப்பியைக் கழற்றி என் கையைக் குலுக்கினார். "நல்ல காரியம் செஞ்சீங்க. கதை படிச்சுப் படிச்சு இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு." சிரித்தார். நானும் சிரித்தேன். "வா, வீட்டுக்குப் போலாம்."

போகும்போது டெலியா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை அவளை எந்த நிலையில் ஆம்புலன்சில் ஏற்றினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சித்தி கையெழுத்து செல்லாதா என்று கேட்டீர்கள். செல்லும். கையெழுத்து விதியை எழுதியவனே நான்தான். அவள் கையில் ரத்தம் கன்றியிருந்ததைக் கவனித்தேனா என்றும் கேட்டீர்கள். கவனித்தேன். அதனால்தான் போன் செய்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால், வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்தவன் என்ற பேச்சு எனக்கு வரக்கூடாது.

இருபத்தாறு வருடங்களில் பெற்றோர் ஒருவர்கூட என்மேல் புகார் கொடுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ராண்டலும் கொடுக்கவில்லை.