மூழ்காத எண்ணெய்

கன்னம் வீங்கியிருக்கிறதே, இன்ஸ்பெக்டர் ஐயா. பஞ்சில் ஒரு துளி கறுவா இலை எண்ணெயைத் தொட்டு அந்தப் பல்லில் வையுங்கள். ஒரு துளிதான், கூடினால் வாய் வெந்துவிடும். எங்கள் கரந்தெனியவில் பல் வைத்தியருக்கு வேலை குறைவு.

என் தம்பி ஆரியரத்னவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பிள்ளை. கோபமாக வந்தவனும் அவன் பேச்சில் சிரித்துவிட்டுப் போவான். பட்டை உரித்தபின் மிஞ்சும் கறுவா இலையிலிருந்து எண்ணெய் வடிப்பதுதான் எங்கள் தொழில். அடுப்பும் ஆவியும் என் பொறுப்பு, விற்பனை அவனுடையது.

போன மாதம் அம்பலாங்கொடை வியாபாரி மென்டிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் எங்கள் எண்ணெயை விட்டார். சுத்தமான இலை எண்ணெய் அடியில் போய்ப் படியும். இது மேலே மிதந்தது. கடை முழுக்க ஆட்கள்.

"நந்தசேன, இதை லாம்புல ஊத்தினா நல்லா எரியும். அவ்வளவு மண்ணெண்ணெய். பல்லுல வைக்கிறவன் கதி என்ன?" என்றார்.

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன்.

"எல்லாரும்தான் கலக்குறாங்க அண்ணே. நீங்க அடுப்பைப் பாருங்க, ஆளுங்களை நான் பார்த்துக்கிறேன்," என்று தோளில் தட்டினான்.

ஒல்லாந்தர் காலத்தில், அனுமதியில்லாமல் கறுவாவில் கை வைத்தவனுக்கு மரண தண்டனை. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று பள்ளியில் படித்தோம். அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

கோபமெல்லாம் இல்லை, ஐயா. மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாகத்தான் பால்சோறு சாப்பிட்டோம். பிறகு எண்ணெய் வடிக்கும் இரண்டாள் உயரத் தொட்டிக்குள் இலையைப் போட்டோம். ஆவி சீராக ஏற வேண்டுமென்றால் ஒருவர் உள்ளே இறங்கி இலையை மிதித்து அமுக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி அவனை இறக்கினேன். பாதி நிறைந்ததும் மூடியைப் போட்டு முடுக்கினேன்.

"விளையாடாதீங்க அண்ணே, உள்ள இருட்டா இருக்கு," என்று சிரித்தான்.

விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசினேன். அவசரமாகச் செய்கிற வேலை இல்லை அது. அப்புறம் அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில் கூப்பிடுவது போல என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆவிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அவன் பெண்டாட்டி கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மென்டிஸிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்று வடிந்த எண்ணெயை நான் விற்கவில்லை, அவ்வளவையும் தென்னந்தோப்பில் கொட்டிவிட்டேன். கலப்பட எண்ணெய் என் கையால் வெளியே போகாது, ஐயா.