பூட்டும் பல்லும்

“அலோ... ஆங், நான்தாண்ணா. சொல்லு... கேக்குது, கேக்குது. வாய் வீங்கிகினு கீது, அதான் பேச்சு இப்டி வருது.”

சுமலதா போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். வலது கன்னத்தில் லேசாகப் பட்டாலே உயிர் போனது. அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே கிடந்த சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. காலையில் அங்கே அடிபட்டு வந்தவளை மத்தியானம் வரைக்கும் சொந்தத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போதுதான் அண்ணன் மோகன்ராஜ் கூப்பிடுகிறான். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

“சாப்பாடா... எதால சாப்புட்றது. வினோதா கஞ்சி வாங்கியாந்து குட்த்துச்சு, உறிஞ்சிகினேன்... ம். ம். அது நல்லா கீது. வவுத்துப் புள்ளைக்கும் ஒண்ணும் இல்லியாம்.”

கூட வேலை செய்யும் பிள்ளைத்தாய்ச்சி வினோதாவால் வந்ததுதான் எல்லாம். பேக்கிங் செக்‌ஷனில் பொம்பளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். திறந்து வைத்தால் உள்ளே போய் செல்போன் நோண்டுகிறார்கள் என்று, கான்ட்ராக்டர் முரளி அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவான். காலையில் வினோதா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு நின்றாள். சுமலதா போய்ச் சாவி கேட்டாள். பிரேக் வரட்டும் என்று சொல்லிவிட்டு அவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சுமலதா ஓர் இரும்புக் கம்பியை எடுத்து வந்து பூட்டை உடைத்தாள். வினோதா உள்ளே போய் வெளியே வருவதற்குள் முரளி வந்துவிட்டான். கீழே கிடந்த பூட்டை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அந்தக் கையாலேயே அவள் வாயில் குத்தினான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது.

“யாரு, முரளியா... ம்... வருத்தப்பட்றாரா. ரொம்ப சந்தோசம்... ஏட்டம்மா வந்துகீறாங்கண்ணா. ஜோதிலட்சுமின்னு பேரு. எல்லாத்தியும் கேட்டு எய்திகினாங்க... இல்ல, கையெழுத்து இன்னும் போடல. டாக்டரம்மா எழுதிக் குடுக்கட்டும்னு கீறாங்க... ஆமா. ஆமா, பல்லப் பத்திதான்.”

ஏட்டம்மா பொறுமையாகத்தான் விளக்கியிருந்தாள். அடித்து வீங்கினால், ரத்தம் கட்டினால் அது சாதாரணக் காயம். கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதில் கை வைக்க முடியாது. எலும்பு முறிந்தாலோ பல் போனாலோ அது கொடுங்காயம். ஸ்டேஷனே உடனே கேஸ் போடலாம், ஆளைப் பிடிக்கலாம். அதுவரைக்கும் தன் வாயில் சட்டம் அப்படி ஒரு கோடு கிழித்திருப்பது சுமலதாவுக்குத் தெரியாது.

அண்ணன் குரல் தாழ்ந்தது. சுற்றி வளைத்து எங்கெங்கோ போய்விட்டு விஷயத்துக்கு வந்தான்.

“இன்னா... இன்னொரு தபா சொல்லு... ஏற்கெனவே ஆடிகினு இருந்த பல்லுன்னு சொல்லணுமா.”

நாக்கு பல் போன குழியைத் தொட்டுப் பார்த்தது. போன பொங்கலுக்கு அவன் பிள்ளைகளுக்குக் கணுக் கணுவாகக் கரும்பு உரித்துக் கொடுத்தது இந்தப் பல்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவனும் வாங்கித் தின்றான்.

“டாக்டரம்மா டார்ச் அடிச்சிப் பாத்துட்டாங்கண்ணா. ஆடின பல்லு இல்லன்னுட்டாங்க... நான் சொன்னா எழுதிக்குவாங்கதான். அப்ப அது வெறும் காயம். ஒரு ரசீதக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. முரளி சொல்லிக் குடுத்தாரா இத்த... பின்ன, உனக்கா தெரியும் இதெல்லாம்.”

அடுத்து பூட்டுக்கு வந்தான்.

“ஒடச்சேன். இல்லன்னா சொன்னேன்?... சரி, கம்பெனி சொத்து. சேதம் பண்ணது குத்தம்தான். ஏட்டம்மாவாண்ட நானே சொல்லிட்டேன்... ம்... இன்னாது, கம்பெனில காப்பர் ஒயரு காணோமா. நான் எடுத்தேன்னு எழுதிக் குடுப்பாங்களா. ஏண்ணா, கக்கூஸுக்குள்ளயா காப்பர் வெச்சிருந்தாங்க... கத்தல. நான் கத்தல. எடுக்காதவளுக்குத் திருட்டு கேஸு, ஒடஞ்ச பூட்டுக்கு ஒரு கேஸு. என் பல்லு மட்டும் தானா வுயுந்துச்சு.”

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். உதட்டோரம் மறுபடி ரத்தம் கசிந்தது.

“சரி, அத்த வுடு. நீ அங்கதான நின்ன. ஏட்டம்மா ஒரு சாட்சி வேணும்ன்றாங்க. நீ வந்து பாத்தத சொன்னா போதும்... இன்னா பேச மாட்ற. அலோ... எப்போ... யாராண்ட?”

அண்ணன் காலையிலேயே முரளியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்திருந்தான். தரை ஈரமாக இருந்தது, தங்கச்சி வழுக்கி விழுந்து குழாயில் வாய் இடித்துக்கொண்டாள் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதை மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

சுமலதாவுக்கு அழுகை வரவில்லை. ஏட்டம்மாவிடம் அவள் ஒன்றே ஒன்றை மறைத்திருந்தாள். முரளி கையை ஓங்கியபோது பின்னாலிருந்து யாரோ அவள் இரண்டு கையையும் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணன். இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் இழுக்கவில்லை. நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தான், குத்து விழுந்த பிறகும். முரளியோடு வேறு யாராவது இருந்தார்களா என்று ஏட்டம்மா துருவித் துருவிக் கேட்டாள். அடி விழ வேண்டும் என்கிற அதே எண்ணத்தோடு கையைப் பிடித்தவனுக்கும் அடித்தவனுக்கும் குற்றம் ஒன்றுதான் என்றும் சொன்னாள். யாரும் இல்லை என்று சொல்லி, வாயில் ஊறிய ரத்தத்தோடு அண்ணன் பேரையும் விழுங்கிக்கொண்டாள் சுமலதா.

“ண்ணா, ஒண்ணு கேக்குறேன். எதுக்கு என் கையப் புடிச்ச... இல்ல, இத்த மட்டும் சொல்லு. இட்டுகினு போவவா, அவன் அடிக்கத் தோதா நிக்க வெக்கவா.”

அவன் வேலையைச் சொன்னான், பிள்ளைகளைச் சொன்னான்.

“அண்ணி அயுவுறாங்களா... வாணாம், போன அவங்களாண்ட குடுக்காத. நீ பேசு... நான் கேட்டதுக்கு இது பதில் இல்லண்ணா. புடிச்சவன் மனசுல இன்னா இருந்துச்சு, அத்ததான் ஏட்டம்மா கேப்பாங்க. வெலக்கி வுடத்தான் புடிச்சன்னு மத்தியானம் வரிக்கும் எனக்கு நானே சொல்லிகினு இருந்தேன். வெலக்கி வுட வந்தவன் ஸ்டேஷன்ல போய்த் தங்கச்சி வழுக்கி வுயுந்துட்டான்னு எதுக்குச் சொல்றான்.”

அவன் மறுபடி பிள்ளைகளைச் சொன்னான்.

ஏட்டம்மா காகிதங்களோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், கொடுங்காயம்தான் என்று சொல்லிப் பேனாவை நீட்டினாள். சுமலதா போனைத் துண்டிக்கவில்லை. காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏட்டம்மா, கையெழுத்துக்கு முன்ன ஒண்ணு சேக்கணும். ஒரு ஆள வுட்டுட்டேன்... ஆமா, கையப் புடிச்ச ஆளு.”

மடியில் போன் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

“மோகன்ராஜ்ங்க... தகப்பனார் பேரு அப்பாவு... தெரிஞ்ச ஆளுதாங்க.”

ஏட்டம்மாவின் பேனா நின்றது. காகிதத்தின் மேலே எழுதியிருந்த அவள் பேரையும் தகப்பன் பேரையும் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள்.

“ஆமாங்க. அதே அப்பாவுதான். எழுதிக்கோங்க.”

மடியில் லைன் கட் ஆனது.