மூன்று தரம் அலசிய கோப்பை

கோப்பையை மூன்று தரம் தண்ணீரில் அலசிவிட்டால் சுத்தம் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். சுல்பிகாவும் அப்படித்தான். சவர்க்காரம் போட்டால் பால் விடாத பிளேன்டியில் அந்த வாசம் வரும் என்பாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், சேர். குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் பதியுதீன். கல்முனையில் ஆய்வுகூட வேலை, ஏழு வருடம். இறாலிலிருந்து ஒரே ஒரு புரதத்தைப் பிரித்துச் சுத்தமாக்குவேன். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூச்சு அடைப்பது அதனால்தான். அது தட்டிலும் சட்டியிலும் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எதற்குக் கழன்று வருகிறது என்பது என் ஆராய்ச்சி. சுல்பிகா பக்கத்து மேசை. அரிசித் தவிட்டுப் புரதம் செய்பவள்.

பெப்ரவரியில் புதுக் கண்ணாடிக் குப்பிகள் வந்தன. அந்த மாதம்தான் என் புரதம் குறையத் தொடங்கியது. மாலையில் அளந்து, அந்தக் குப்பியில் ஊற்றிப் பிரிட்ஜில் வைப்பேன். காலையில் மூன்றில் ஒரு பங்கு இராது. பிரிட்ஜ் சாவி இருப்பது என்னிடமும் அவளிடமும். நான் அவசரப்பட்டு யாரையும் சந்தேகிக்கிறவன் அல்ல. ஆனால் நான் உள்ளே வந்தால் அவள் போனில் குரலைத் தாழ்த்துவாள். ஒருநாள் குப்பி மூடியின்மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுப் போனேன். காலையில் அது இல்லை. தானாக விழுந்திருக்கலாம். ஏன் விழ வேண்டும்?

எங்கள் பொறுப்பாளர் தங்கேஸ்வரி மெடத்திடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சுல்பிகா கோபப்படவில்லை. என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“இறால் வாடை பட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும், நானா. அதக் களவெடுத்து என்ன, சோத்துக்கு ஆணம் காச்சவா?”

சிரித்தார்கள். கையுறை போட்டால் யாரும் எடுக்கலாம் என்று நிதானமாக விளக்கினேன். மெடமும் சிரித்தபடிதான் சொன்னா: “ஆளப் பாக்கிறத விட்டுட்டுக் குப்பியப் பாருங்க, பதியுதீன்.”

பிறகு பள்ளிவாசலில் ஒருவரிடம் சொன்னேன். ஒரேயொருவரிடம். அந்தக் கிழமையே அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன சாய்ந்தமருதுக்காரர் பின்வாங்கிவிட்டார்கள் என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

அதன்பின் அவள் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, என்ட வாப்பாவுக்கிட்ட, நாலு பேருக்கு முன்னால, ‘நான் சொன்னது பிழை’ எண்டு சொல்லுங்க, நானா. இல்லாட்டி நான்தான் எடுத்தன் எண்டு ஒப்புவிச்சுக் காட்டுங்க” என்றாள். மெடமும் அதுதான் நியாயம் என்றா.

நியாயம்தான். அதனால் ஒப்புவிக்கப் பார்த்தேன். அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதே நடிப்பாக இருந்தால், திருடி அவள்தானே. வியாழக்கிழமை அவள் லுஹர் தொழப் போனபோது அவளது கோப்பையின் உட்புறத்தில் என் புரதத்தைத் தடவிக் காயவைத்தேன். கண்ணுக்குத் தெரியாத படலம். பச்சைத் தண்ணீருக்கு அது லேசில் அசையாது. சவர்க்காரத்துக்கோ கொதிசூட்டுக்கோதான் கழன்று வரும். வந்தாள், மூன்று தரம் அலசினாள், சுடச்சுடப் பிளேன்டி ஊற்றினாள்.

அவள் சொன்னது உண்மை என்பது இரண்டு மிடறில் தெரிந்தது.

“பேக்ல ஊசி மருந்து இருக்கு, நானா” என்றாள். தேடினேன். அந்தப் பையில் பல அறைகள், சேர். ஒவ்வொன்றாக, ஒழுங்காகத் தேடினேன். மூவீலரில் அவள் தலையை மடியில் வைத்திருந்ததும் நான்தான். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அது கனத்துவிட்டது.

ஜனாஸா அடக்கம் முடிந்தபின்தான் மெடம் சொன்னது நினைவுக்கு வந்தது. வெறும் குப்பிகளைச் சவர்க்காரக் கரைசலில் கழுவி அளந்தேன். காணாமல் போன பங்கு அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, குப்பியின் சுவரில் ஒட்டியிருந்தது. தட்டையும் சட்டியையும் ஏழு வருடம் பார்த்தவன் கையிலிருந்த குப்பியைப் பார்க்கவில்லை. அன்று அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் காட்டுவது என்னுடைய குறிப்புக் கொப்பிதான், சேர். கையெழுத்தும் என்னுடையது.

ஓம், திகதியும் சரி. குப்பியைக் கழுவியது செவ்வாய்க்கிழமை. கோப்பையில் தடவியது அதற்குப் பிந்திய வியாழன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, சேர். நாலு பேருக்கு முன்னால் நான் எப்படி நிற்பது?