ஏழாம் நம்பர் வில்லை

கேப்டன்: இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க டீச்சர். நீங்க கணக்கு டீச்சராச்சே.

டீச்சர்: மூணு தடவை எண்ணியாச்சு. பதினொண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. உங்க கப்பல், உங்க வில்லைப் பலகை... என்னை எதுக்கு எண்ணச் சொல்றீங்க?

கேப்டன்: சிவப்பா தொங்குறது ஏழாம் நம்பர். உங்க நாத்தனாரோடது.

டீச்சர்: ஓ... அவளா?

கேப்டன்: ஒரு ஆளைத் தீவுல விட்டுட்டு 'ஓ'ங்கிறீங்க! கரையில இறங்கறப்ப அவங்கவங்க வில்லையைச் சிவப்பாத் திருப்பணும், ஏறினதும் வெள்ளையாத் திருப்பணும். பன்னெண்டும் வெள்ளையாகாம நான் நங்கூரத்தைத் தொட மாட்டேன்.

டீச்சர்: தொட வேண்டாமே. யாரு தொடச் சொன்னா?

கேப்டன்: எங்க போயிருப்பாங்க?

டீச்சர்: அந்தப் பக்கம் சிப்பி பொறுக்கிட்டிருப்பா. ஒரு சிப்பி கையில கிடைச்சா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாப்பா.

கேப்டன்: அப்ப நேரமாகும்.

டீச்சர்: ஆகும்.

கேப்டன்: ரொம்ப...?

டீச்சர்: ரொம்பவே.

கேப்டன்: அடடா.

டீச்சர்: படகு அனுப்பித் தேடலியா?

கேப்டன்: அனுப்பணும்... படகுக்காரர் இப்பதான் சாப்பிட உக்காந்தாரு. சோத்துல கை வெச்சவரை எழுப்புறது பாவம்.

டீச்சர்: பாவம்தான். மெதுவா மென்னு சாப்பிடட்டும்.

கேப்டன்: இன்னொரு சிக்கலும் இருக்கு. பவளப்பாறைக்கு நடுவுல ஒத்தை வழி. தண்ணி இறங்கிட்டே இருக்கு. இன்னும் கால் மணி நேரம் போனா கப்பல் அடி தட்டும். அப்புறம் நாளைக்குக் காலையிலதான் கிளம்பலாம்.

டீச்சர்: ஐயையோ! காலையில என் பையன் துறைமுகத்துல வந்து நிப்பானே.

கேப்டன்: மழைக்கு லீவு விட்டா பிள்ளைங்க ஐயையோம்பாங்களே, அந்த மாதிரி இருக்கே இது?

டீச்சர்: உங்க அடடா மட்டும் என்னவாம்? சரி, மத்தவங்க சத்தம் போட மாட்டாங்களா?

கேப்டன்: எல்லாம் புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிங்க. கப்பல் நிக்குதா, போகுதான்னே அதுங்களுக்குத் தெரியாது.

டீச்சர்: ம்...

கேப்டன்: இங்க நிக்கிறதுல ஒரு நல்லதும் இருக்கு. தண்ணி அசையாது. கேரம் ஆடலாம். வெளிக்கடல்ல பலகையைப் போட்டா, காய் எல்லாம் நம்மளைக் கேக்காமலே குழிக்குப் போயிடுது. முந்தாநாள் ரெட் தானா உருண்டு விழுந்துச்சு. கூசாம உங்க கணக்குல சேத்துக்கிட்டீங்க.

டீச்சர்: கடல் எனக்காக ஆடிச்சு. உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?

கேப்டன்: நாலுக்கு நாலு. கடைசி ஆட்டம் பாக்கி. பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?

டீச்சர்: என்ன பந்தயம்?

கேப்டன்: தெரியாத மாதிரி... ஜெயிச்சவங்க ஒரு கேள்வி கேப்பாங்க. தோத்தவங்க மழுப்பாம பதில் சொல்லணும்.

டீச்சர்: அதை இப்பவே கேட்டுத் தொலைச்சா என்ன? எட்டு நாளா தொண்டையிலேயே வெச்சிருக்கீங்க.

கேப்டன்: புயல்ல எல்லாம் கப்பல் ஓட்டியிருக்கேன் டீச்சர். இது... வேற.

டீச்சர்: என் பையன் வந்தா பெட்டியைத் தூக்கிட்டு விறுவிறுன்னு நடப்பான். நானும் பின்னாலேயே போயிடுவேன். அப்புறம் உங்க கேள்வியை மீன்கிட்டதான் கேக்கணும்.

கேப்டன்: அதான்... இன்னிக்கே...

நாத்தனார்: இன்னிக்கே என்ன?

டீச்சர்: அடியம்மா! நீ எப்ப வந்தே?

நாத்தனார்: எங்கிருந்து வர்றது? ரூம்ல படுத்திருந்தேன். போர்வை போத்தி விட்டதே நீங்கதானே அண்ணி?

கேப்டன்: டீச்சர்! சிப்பி பொறுக்குறாங்கன்னீங்க?

நாத்தனார்: நீங்க ஏன் கேப்டன் கண்ணை உருட்டுறீங்க? மூணு மணிக்கு என்னைக் கை குடுத்து ஏத்தி விட்டது யாரு? 'பாத்தும்மா, படி வழுக்கும்'னு வேற சொன்னீங்க.

டீச்சர்: கேப்டன்!

கேப்டன்: அது... நிறைய பேரை ஏத்தி விடறேனா... மறந்து...

நாத்தனார்: பன்னெண்டு பேரு. பெரிய திருவிழாக் கூட்டம்!

டீச்சர்: சரி, சரி. ஆள் வந்தாச்சு. வில்லையைத் திருப்பு, கிளம்பலாம்.

கேப்டன்: எங்க கிளம்புறது? பேசிப் பேசியே நேரம் போச்சு. தண்ணி இறங்கிடுச்சு.

நாத்தனார்: இறங்கிடுச்சா? மத்தியானம் கரையில நாம உக்காந்து சாப்பிட்டோமே, அந்தப் பாறை எங்க?

கேப்டன்: எந்தப் பாறை?

நாத்தனார்: அதான் நானும் கேக்கறேன். உச்சி மட்டும் தெரியுது. தண்ணி இறங்கினா பாறை முங்குமா?

டீச்சர்: அப்ப தண்ணி ஏறுது! இவ்வளவு நேரம் பச்சையாப் புளுகினீங்களா?

கேப்டன்: நீங்க மட்டும்? வில்லையைச் சிவப்பாத் திருப்பி வெச்சுட்டு, சிப்பியாம், மாப்பிள்ளையாம்...

டீச்சர்: நான் தொடவே இல்ல! சிவப்பா இருந்துச்சு. பாத்தேன். வாயைத் திறக்கல... அவ்வளவுதான். திருப்பினது நீங்கதான்.

கேப்டன்: சத்தியமா இல்ல. தண்ணி விஷயத்துல ஒரு பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். வில்லையில மட்டும் விளையாட மாட்டேன்.

டீச்சர்: அப்ப இவ மறந்திருப்பா. ஏய்... நீ ஏன் சிரிக்கிறே?

நாத்தனார்: மறக்கல அண்ணி. ஏறினதும் வெள்ளையாத்தான் திருப்பினேன். அப்புறம் கேரம் பலகையைத் துடைச்சு, பவுடர் போட்டு வெச்சுட்டு வந்து, கப்பல் இங்கேயே நிக்கட்டும்னு வில்லையைச் சிவப்பாக்கிட்டுப் போய்ப் படுத்தேன். காய் தட்டுற சத்தம் கேக்கும் கேக்கும்னு கண்ணை மூடிட்டே கிடந்தா, வெட்டிப் பேச்சுதான் கேக்குது! அண்ணன் போய் பதினொரு வருஷமாச்சு. அதுக்கப்புறம் நீங்க ஒருத்தர்கிட்ட வம்பு பண்ணி, சண்டை போட்டு, சிரிச்சு, இந்த எட்டு நாளாத்தான் பாக்கறேன். உங்க பையன்கிட்ட நான் பேசிக்கறேன். கேப்டன், நல்லா குறி பாத்துச் சுண்டுங்க. அண்ணி... நீங்க பாத்துத் தோத்துடுங்க.