பின்கதவுப் பெட்டி

இந்தா, கேட்டீங்கள்ல மேடம்? பூனைக்குட்டி வால மிதிச்ச மாதிரி, கீய்ங்னு. இப்ப நாந்தான் பின்கதவத் தொறந்து காட்டுனேன். ஆனா கொஞ்ச நாளா, வீட்டுல யாரும் தொறக்காமயே ராத்திரியில இப்படித்தான் கத்துது. பிள்ள முழிச்சு வீறிடுறான். அதுக்குத்தான் ஒங்க காலேஜுக்குப் போன் போட்டு, கதவுல மாட்டுன ஒங்க பெட்டிய நீங்களே வந்து கழட்டிட்டுப் போங்கன்னு கத்துனேன். பாவம், புதுக்கோட்டையிலேர்ந்து இருட்டுல வந்திருக்கீங்க.

எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகந்தான். தப்பா எடுத்துக்காதீங்க. ஆராய்ச்சின்னு சொல்லிக்கிட்டு ஓசியில ஒருத்தர் வந்து வீட்டுக்குள்ள மெஷின் மாட்டுவாகளா? துபாய்ல இருக்க எங்க வீட்டுக்காரருதான் என்னைய வேவு பாக்க ஏற்பாடு பண்ணுனாகளோன்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. பிள்ளைக்குப் பால் குடுக்கையில எல்லாம் அது மேல ஒரு துண்டப் போட்டு மூடிருவேன்.

எங்க மாமனாருதான் கேட்டு வாங்குனாரு, ஒங்களுக்கே தெரியும். அறந்தாங்கி மண்டபத்துல பெரியவங்கள உக்கார வச்சு, என்ன கருவி வேணும், நீங்களே சொல்லுங்கன்னு கேட்டீங்கள்ல. ஆளாளுக்கு முட்டி வலி, காது கேக்கலன்னப்ப இவரு மட்டும், பின்கதவு அசைஞ்சா கத்துற மாதிரி ஒண்ணு வேணும்னாரு. பக்கத்துல இருந்த ரெங்கசாமி தாத்தா, ராத்திரி எவ வீட்டுக்குய்யா கெளம்புறன்னு கேட்டு மண்டபமே சிரிச்சுச்சு. நீங்க, பெரியவரு ராத்திரி வெளிய போயி விழுந்துருவோம்னு பயப்படுறாருன்னு முடிவு பண்ணீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கக்கூஸு கொல்லையில இருக்கு. அவருக்குக் கையத் தூக்கித் தாப்பா நீக்க முடியாது. அதனால இந்தக் கதவச் சும்மா சாத்தித்தான் வைப்போம்.

இப்ப லேப்டாப்பப் பாத்துட்டு, கதவு கத்துனப்பல்லாம் எங்க மாமா படுத்துத்தான் இருந்திருக்காரு, அவரு மெத்தைக்கு அடியில நீங்க வச்ச இன்னொரு மெஷின் சொல்லுது, அப்ப கதவுப் பெட்டிதான் பழுதுங்கிறீங்க. பழுதில்ல மேடம். அந்த ஸ்க்ரூட்ரைவரப் பையில வைங்க. கழட்ட வேணாம். ஆமா, நாந்தான் வரச் சொன்னேன். அது முந்தாநேத்து.

நேத்து அது கத்துனப்ப டார்ச்ச அடிச்சேன். கதவிடுக்குல ஒரு கை. எங்க வீட்டுக்காரரு தம்பிக்குன்னு வாங்கி அனுப்புன வாட்ச் அதுல மினுங்குது. ம், கொழுந்தனாருதான், எழிலரசன். அடுத்த தெருதான் வீடு. பகல்ல வந்தா, அண்ணின்னு அவ்வளவு மரியாதையாப் பேசுவாரு.

காலையில மாமா என் மூஞ்சியப் பாக்கல. அவன் புத்தி முன்னாடியே தெரியும்த்தா, பெத்தவன் வாயால எப்படிச் சொல்றது, அதான் பெட்டியக் கேட்டேன்னாரு. மருமக தன் மூத்திர வாளிய எடுக்கக் கூடாதுன்னு இத்தன வருசமாத் தடியூண்டிக் கொல்லைக்குப் போன மனுசன். இன்னைக்கு அவரே, வாளியக் கட்டிலுக்கிட்ட வச்சிருத்தா, கதவப் பூட்டுன்னுட்டாரு.

கொஞ்சம் பிள்ளையப் பிடிங்க மேடம். தாப்பா துருவேறிக் கெடக்கு, ரெண்டு கையும் வேணும்... இரு, இரு... ம். தாப்பா விழுந்துருச்சு.