படுத்தால்தான் டை

தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், எனக்குப் பின்னால் கடைசி நீள சீட்டில் ஒரு பொடியனும் அவன் மாமாவும் இருந்தார்கள். பொடியன் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினி வேலைக்கு இன்டர்வியூ போகிறான்.

"சமைக்கிற வேலைக்கு எதுக்குடா டை?" என்றார் மாமா.

"டிவியில டை கட்டிக்கிட்டுத்தானே வெங்காயம் வெட்டுறாங்க. எனக்குக் கட்டத் தெரியாது மாமா. நீங்கதானே தினம் கட்டுறீங்க."

"அப்ப படு."

"எதுக்கு?"

"மலர்ச்சாலையில நான் பொணத்துக்குத்தானே கட்டுறேன். உக்காந்திருக்கிற ஆளுக்கு எனக்குக் கை வராது."

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பொடியன் சீட்டில் நீட்டிப் படுத்திருந்தான்.

"கண்ண மூடாதடா. மூடினா, பழக்கத்துல கையையும் சேத்து நெஞ்சு மேல வச்சிருவேன்."

முடிச்சு விழும்வரை பொடியன் இமைக்கவே இல்லை. நானும்தான்.