ஐஸ்பெட்டியில் ஒரு ஓட்டை

பிள்ளைகளே, நேற்று தன்லி ஓட்டும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் நம்ம தமிழ்க்காரப் புருஷன் பெண்டாட்டி இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பாலம் ஏறும்போது அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது.

"ஐஸ்பெட்டிக்குள்ள சுடுதண்ணி ஊத்துற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க."

"ஐஸ் உருகாத பெட்டியில சூடும் ஆறாதுடி. முளைகட்டின பார்லியை அதுல ஒரு மணி நேரம் ஊறவச்சா இனிப்புத் தண்ணி இறங்கும். அதைப் புளிக்கவச்சாத்தான் பியர்."

"பியரோ கஞ்சியோ. ஞாயித்துக்கிழமை தீமிதிக்கு மோர் கொண்டு போகணும். பெட்டியைக் கழுவி வைங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க, வெளியில என்ன பார்க்குறீங்க?"

"அடியில ஒரு ஓட்டை போட்டுட்டேன்."

"என் பெட்டியிலயா?"

"குழாய் மாட்டத்தான். ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருக்கேன், ஒழுகாது."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "திறந்தா மோர் வருமா?" என்றார்.

"ஜோரா வரும்."

"போன வருஷம் குனிஞ்சு குனிஞ்சு மொண்டு ஊத்தி இடுப்பே போச்சு. குழாய் அப்படியே இருக்கட்டும். பெட்டி இனிமே கோயிலுக்குத்தான்."

"அப்போ என் பார்லி?"

"பாயசம் வச்சுத் தர்றேன். குடிங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும், நீங்கள் யாரும் இல்லாத நேரத்தில், போன வாரம் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை வடிகட்ட நான் எடுத்துப்போன உங்கள் அம்மாவின் டீ வடிகட்டியை மூன்று தடவை தேய்த்துக் கழுவி, அடுப்படி ஆணியில் மாட்டினேன்.